மறு: 'ஆஸ்டெர்ன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

அமெரிக்க வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களின் பாணியில் சோவியத் நாட்டில் எடுத்த படங்களை 'ஆஸ்டெர்ன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> கீழைப்படம் என்றே வைத்துவிடலாமே. வெஸ்டர்னுக்கு நேர் எதிர்ச்சொல்.

எதிர்ச்சொல் சரி, பொருள்தான் வரவில்லை. கீழைப்படம் என்றால் படிப்பவர் ஜப்பானையோ கொரியாவையோதான் நினைப்பார். வெஸ்டர்னை 'மேற்கத்தியப் படம்' என்று எழுதப்போய் பிரெஞ்சுப் படமும் அதற்குள் வந்து விழுந்தது போதாதா? ஜெய்சங்கர் குதிரை ஏறிய காலத்திலிருந்தே நமக்கு அது கௌபாய் படம். அப்படியே இருக்கட்டும். ஒலிபெயர்ப்பும் வேண்டாம், ஜெர்மன் மொழியில் அதே எழுத்துக்கூட்டலுக்கு ஈஸ்டர் பண்டிகை என்று பொருள்!

> எல்லைப்படம்? தல்ஸ்தோயின் 'கசாக்குகள்' நினைவுக்கு வந்தது.

யோசிக்க வைத்த சொல் இது. 1863இல் வந்த அந்தக் கதையில் காகசஸின் தெரெக் ஆறுதான் எல்லைக்கோடு: இப்புறம் ரஷ்யாவின் கசாக்குக் காவல்வீரர்கள், அப்புறம் செச்செனியர். மிதந்துவரும் மரக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்து நீந்தும் செச்செனியன் ஒருவனை, இரவுக் காவலில் இருக்கும் கசாக்கு இளைஞன் லுகாஷ்கா சுட்டுவிடுகிறான். பிணத்தைப் பணம் கொடுத்து மீட்க இறந்தவனின் சகோதரன் வருகிறான். சுட்டவனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பகை அதோடு முடியவும் இல்லை. இந்த ஆள், இந்த நிலம், இந்த வஞ்சம் எல்லாம் சினிமா பிறப்பதற்கு முன்பே ரஷ்ய எழுத்தில் இருந்தவை. ஆனால் நம் ஊரில் 'எல்லைப்படம்' என்றால் ராணுவப் படம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சொல் கைநழுவிப் போகிறது.

என் பரிந்துரை: பாலைப்படம்.

விளாதிமிர் மோத்தில் எடுத்த 'பாலைவனத்து வெண்சூரியன்' (1970) தொடக்கத்தைப் பாருங்கள். ரஷ்ய உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பும் செம்படை வீரன் சூஹவ், கையில் தேநீர்க் கெண்டியோடு மணலில் நடக்கிறான். கழுத்துவரை புதைக்கப்பட்ட ஒருவன் தென்பட, கெண்டி நீரைக் கொடுத்துவிட்டுத் தோண்டி எடுக்கிறான். வழியெல்லாம் ஊரிலுள்ள மனைவிக்கு மனசுக்குள்ளேயே கடிதம். கொள்ளைக்கூட்டத் தலைவன் அப்துல்லாவின் ஒன்பது மனைவியரைக் காக்கும் பொறுப்பு வேறு தலையில் விழுகிறது. சுரம் (வறண்ட வழி), பிரிவு, ஆறலை கள்வர் (வழிப்பறிக்காரர்)! நம் பாலைத்திணையில் இதைவிட என்ன வேண்டும்? மிகயில் ரோம் 1936இல் எடுத்த 'பதின்மூவர்' படத்திலும் வறண்ட கிணறு ஒன்றை வைத்துத்தான் சண்டையே.

> நிகிதா மிகல்கோவின் 1974 படத்தில் ('அந்நியரிடையே நம்மவன், நம்மவரிடையே அந்நியன்') ரயிலும் மலையாறும் அல்லவா? மணல் எங்கே?

நியாயமான கேள்வி. ஆனால் பாலை தனி நிலமே இல்லை என்பதுதான் சிலம்பின் கணக்கு: முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை. உள்நாட்டுப் போரில் சீர்குலைந்த ரஷ்யாவுக்கு இது பொருந்தாதா? தங்கத்தோடு ரயில் கொள்ளை போகிற இடமும் பாலைதான்.

செம்படைக்குப் பொருத்தமாகச் 'செம்பாலைப்படம்' என்றுதான் முதலில் எழுதினேன். அப்புறம்தான் செம்பாலை இசைக்காரர்களின் சொல் என்று உறைத்தது. அடித்துவிட்டேன்.

ஒரே பயம்: மெய்ப்புப் பார்ப்பவர் யாராவது 'பாலைவனப்படம்' என்று திருத்திவிடுவார். வனம் சேர்ந்தால் லாரன்ஸ் ஆஃப் அரேபியாவும் ஒட்டகத்தோடு உள்ளே வந்துவிடும்.