அப்பாரு வீட்டார் குழு: வியாழன் இரவு

இரவு 7.42 – அம்மா: அனைவருக்கும் வணக்கம். யாழினிக்குக் கோவையில் வேலை உறுதியாகிவிட்டது. மின்னஞ்சல் திங்கட்கிழமையே வந்திருக்கிறது. இன்றுதான் என்னிடம் காட்டினாள். அடுத்த வியாழக்கிழமை கடைசித் தேர்வு முடிகிறது, அதற்கடுத்த திங்கட்கிழமையே வேலையில் சேர வேண்டுமாம். திங்கள் முதல் வியாழன் வரை அலுவலகத்துக்கு ஏற்ற உடை, வெள்ளிக்கிழமை மட்டும் விருப்பப்படி, காலில் மூடிய ஷூ என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். அவளிடம் இருப்பவையோ கல்லூரிக்குப் போட்டுப் போட்டு வெளுத்துப்போன சுடிதார்கள். இதற்கிடையில் மூன்று இரவாகச் சரியாகத் தூங்கவில்லை. இன்று காலை தலை சுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதை முதலில் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

7.44 – சித்ரா சித்தி: வாழ்த்துகள். தலைசுற்றலை முதலில் பாருங்கள், அக்கா.

7.45 – கவின்: சம்பளம் எவ்வளவு என்று அக்கா சொல்ல மறுக்கிறாள்.

7.47 – அப்பாரு: ‘வாழ்த்துகள்’ என்பதில் ‘க்’ மிகாமல் எழுதிய சித்ராவுக்கு நன்றி. குழந்தை சாப்பிட்டாளா?

7.48 – அம்மா: ஒரு தோசையைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள், மாமா. காலையில் வெறும் காப்பி. மதியம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் பதில் இல்லை.

7.49 – மோகன் சித்தப்பா: இரவிலும் காப்பி குடிக்கிறாளா, அண்ணி?

7.50 – அம்மா: பத்து மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று.

7.53 – மோகன் சித்தப்பா: அதை இன்றே நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காப்பியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும். ஒரு மணிக்குக் குடித்தவளுக்கு ஆறு மணிக்கும் தூக்கம் எப்படி வரும்? படித்தது மனத்தில் உறைவது தூக்கத்தில்தான். விழித்துக்கொண்டே ஏற்றியது கேள்வித்தாளைப் பார்த்ததும் இறங்கிவிடும்.

7.58 – செல்வி அத்தை: மோகன் சொல்வது முற்றிலும் உண்மை, அதற்கு நானே சாட்சி. 1995ஆம் ஆண்டு என் இறுதித் தேர்வுக்கு முந்தைய இரவு, கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு விடியும்வரை படித்தேன். மறுநாள் கேள்வித்தாளின் முதல் பக்கம் எனக்குக் கலங்கித் தெறிந்தது; தெரிந்த கணக்கையே தலைகீழாகப் போட்டுவிட்டு வந்தேன். அந்த ஒரு தாளில் தோற்றதற்காக இந்த வீட்டில் ஒரு மாதம் ஒருவர் என்னிடம் பேசவில்லை. யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினேன். அதை யாரும் பேசுவதில்லை. ஆகவே அந்தக் குழந்தையிடம் மதிப்பெண்ணைப் பற்றி இப்போது யாரும் வாய் திறக்காதீர்கள்.

8.01 – அப்பாரு: ‘தெறிந்தது’ அன்று; ‘தெரிந்தது’. இடையின ரகரம்.

8.01 – சித்ரா சித்தி: அது யார் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மாமா.

8.03 – மோகன் சித்தப்பா: நாம் யாழினிக்கு வருவோம். அடுத்த தேர்வு என்றைக்கு?

8.05 – அம்மா: சனிக்கிழமை அடக்கவிலைக் கணக்கியல், செவ்வாய்க்கிழமை வருமான வரி, வியாழக்கிழமை மேலாண்மைக் கணக்கியல்.

8.06 – செல்வி அத்தை: செவ்வாய்க்கிழமையா? அன்றைக்குத்தானே ஜவுளிச் சந்தை! திங்கள் இரவே ஈரோடு கனி மார்க்கெட்டில் கடை விரித்துவிடுவார்கள். மொத்த விலைக்கே சில்லறையாகக் கொடுப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவளையும் அழைத்துக்கொண்டு திங்கள் இரவு போகலாம் என்றிருந்தேன்.

8.07 – சித்ரா சித்தி: மறுநாள் காலையில் வருமான வரி எழுதப் போகிறவளை இரவு பத்து மணிக்குச் சந்தையில் நிறுத்துவதா? அவளை விட்டுவிடுங்கள், செல்வி நங்கை. அளவுக்கு ஒரு சுடிதாரை எடுத்துக்கொண்டு நாம் போவோம்.

8.08 – கவின்: சரி.

8.09 – அப்பாரு: கவின், ‘சரி’ என்பது வாக்கியமாகாது. இந்தக் குழுவின் விதி உனக்குத் தெரியும்.

8.10 – கவின்: அதில் ‘அது’ என்று ஓர் எழுவாய் மறைந்திருக்கிறது, அப்பாரு. தோன்றா எழுவாய் என்று நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள்.

8.12 – அப்பாரு: ஏற்றுக்கொள்கிறேன். இனி அதைத் தோன்றச் செய்.

8.15 – அப்பா: நான் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறேன், நாளை மதியம்தான் வருவேன். நூல் விலை நிற்கிற நிலையில் தறிக்காரர்களுக்குக் கொடுத்ததுபோக என் கையில் நான்காயிரம்தான் இருக்கிறது. ஷூவும் அதற்குள் அடங்க வேண்டும்.

8.24 – செல்வி அத்தை: நான்காயிரம் தாராளமாகப் போதும், அண்ணா. யாரும் அவசரப்பட்டு ஐந்து நாளைக்கு ஐந்து ஜோடி என்று கணக்குப் போடாதீர்கள். முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதத்தை ஓட்டினால் போதும். மீதியை அவள் தன் பணத்தில், தன் விருப்பத்துக்கு வாங்கிக்கொள்வாள். மூன்று குர்தா, இரண்டு கீழாடை எடுத்தால் ஆறு விதமாக மாற்றி உடுத்தலாம். கீழாடையில் ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். அவை இரண்டும் எந்த மேலாடையோடும் சேரும், அழுக்கும் காட்டாது. பணத்தைக் கீழாடையிலும் ஷூவிலும் போடுங்கள். தினமும் தேய்வது அவைதான். மேலே போடுவது மலிவாக இருந்தாலும், நன்றாகத் தேய்த்துப் போட்டால் விலை தெரியாது. முழுப் பருத்தி வாங்கினால் தைப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கை குட்டையாகிவிடும். பேருந்தில் நின்றுகொண்டு போகிறவளுக்குக் கசங்காத கலப்புத் துணியில் ஒன்றாவது இருப்பது நல்லது. வெளிர் நிறமாக இருந்தால் உள்துணி வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் 1998இல் வேலையில் சேர்ந்தபோது என்னிடம் இருந்தவை மூன்றே சேலைகள். திங்கட்கிழமை கட்டியதை வியாழக்கிழமை கட்டுவேன். அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் நம் வீட்டு விசேஷங்களில்தான்.

8.26 – சித்ரா சித்தி: தையலுக்கு நேரம் எங்கே இருக்கிறது? எங்கள் தெருத் தையற்காரரிடம் முகூர்த்த ரவிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. பதினைந்து நாளுக்குக் குறைந்து அவர் எதையும் வாங்குவதில்லை.

8.27 – அம்மா: அப்படியானால் தைத்ததாகவே வாங்கி, இடுப்பையும் கையையும் மட்டும் பிடித்துக்கொள்ளலாம். என்னிடம் இயந்திரம் இருக்கிறது.

8.29 – சித்ரா சித்தி: அல்லது என்னிடம் கட்டாத சேலை ஒன்று இருக்கிறது, அக்கா. ஐந்தரை மீட்டர். இரண்டு குர்தா தாராளமாக வரும். சாம்பல் நிறம், சின்னக் கரை, அலுவலகத்துக்கு நன்றாகவே இருக்கும். நீங்களே வெட்டித் தைத்துவிடுங்கள்.

8.31 – செல்வி அத்தை: அது எந்தச் சேலை?

8.32 – சித்ரா சித்தி: இளம்பிள்ளைச் சேலை.

8.33 – செல்வி அத்தை: உங்கள் திருமணத்துக்கு நான் எடுத்துக்கொடுத்ததா?

8.36 – மோகன் சித்தப்பா: அக்கா, இப்போது அது பேச்சில்லை.

8.38 – செல்வி அத்தை: நான் ஒன்றும் பேசவில்லை. 2011இலிருந்து ஒருமுறைகூடக் கட்டவில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. இரண்டு கடை ஏறி இறங்கி அந்த நிறத்தைத் தேடினேன் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

8.40 – அப்பாரு: ‘தெரிகிறது’ இம்முறை சரியாக இருக்கிறது.

8.46 – யாழினி: எல்லோருக்கும் நன்றி. என்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதால் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். மூன்று இரவும் நான் படித்து விழித்திருக்கவில்லை. அந்த மின்னஞ்சலைப் பார்த்ததிலிருந்து புத்தகத்தைத் திறந்தால் உடைக்கணக்குதான் ஓடுகிறது. இணையத்தில் விலை பார்த்துப் பார்த்து, அடக்கவிலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் மேலாடை, கீழாடை, ஷூ, தேய்ப்புக்கூலி, விடுதி முன்பணம் என்று பட்டியல் போட்டேன். எப்படிக் குறைத்தாலும் பதினோராயிரத்துக்குக் கீழே வரவில்லை. அப்பாவிடம் இந்த மாதம் கேட்க வேண்டாம் என்று இருந்தேன். அத்தை சொன்ன மூன்றும் இரண்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

8.48 – அப்பா: என்னிடம் கேட்டிருக்கலாம், கண்ணு.

8.49 – அப்பா: விடுதி முன்பணம் என் பொறுப்பு. அதை அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிடு.

8.55 – மோகன் சித்தப்பா: யாழினி, எனக்கு 2006இல் தேர்வு அறையில் மூச்சு முட்டியது, இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி ஐந்தாறு முறை விட்டேன். கை நடுக்கம் அடங்கியது. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிடவில்லை. எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மனம் அடங்காத இரவில் எங்களிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் 14416 என்ற எண்ணை அழை. அரசாங்கத்தின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

8.56 – சித்ரா சித்தி: மூச்சு முட்டியதா? என்னிடம்கூடச் சொன்னதில்லையே?

8.57 – மோகன் சித்தப்பா: அப்போது உன்னை எனக்குத் தெரியாது.

9.02 – அப்பாரு: யாழினி, இப்போது சூடான சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிடு. சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். எழுதி முடித்து வெளியே வந்ததும் தோழிகளோடு நின்று விடை ஒப்பிட வேண்டாம். தவறிய ஒன்று தெரிந்துவிட்டால் அது செவ்வாய்க்கிழமைத் தாளையும் தின்றுவிடும். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தேர்வு அறையில் காவல் நின்றவன். பெண்பிள்ளைகள் மயங்கி விழுந்தது வெறும் வயிற்றால். பாடம் தெரியாததால் அன்று. அதை அன்றைக்கே என் வீட்டிலும் நான் கேட்டிருக்கலாம்.

9.06 – செல்வி அத்தை: சரி, அப்பா.

9.07 – கவின்: அத்தையின் ‘சரி’யில் எழுவாய் இல்லை.

9.08 – அப்பாரு: இருக்கட்டும்.

9.15 – யாழினி: நான் சாப்பிடப் போகிறேன். கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை மதியம்வரை என்னைத் தேட வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஷூவை மட்டும் நான் இல்லாமல் வாங்காதீர்கள். முதல் நாளே குதிகால் உரிந்தால் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்க முடியாது. கடைசித் தேர்வுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமையே வாங்கினால் இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகிக்கொள்வேன்.

9.17 – அம்மா: அப்படியானால் திங்கள் இரவு சந்தைக்கு நங்கையும் சித்ராவும் போகிறார்கள், வெள்ளிக்கிழமை ஷூவுக்கு அவளோடு நான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளலாமா?

9.18 – சித்ரா சித்தி: நான் வரத் தயார். நங்கை என்னோடு வருவார்களா என்று கேளுங்கள்.

9.24 – செல்வி அத்தை: எனக்குத் திங்கட்கிழமை அலுவலகத்தில் வேலை நீளும்போல் இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் சொல்கிறேன். சந்தை தவறினாலும் அங்கே தினசரிக் கடைகள் இருக்கின்றன. விலை சற்றுக் கூடும், பேரம் பேசத் தெரிந்தவர்கள் போனால் கூடாது. அந்தச் சேலையை வெட்டுவதாக இருந்தால் முதலில் முந்தானையை எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முந்தானையின் பூவேலையை மேலாடையின் முன்பக்கத்தில் வரும்படி வெட்ட வேண்டும். பின்பக்கம் போனால் வீண்.

9.26 – சித்ரா சித்தி: அனுப்புகிறேன், நங்கை. கரையைக் கைப்பகுதிக்கு வைக்கலாமா?

9.27 – செல்வி அத்தை: கழுத்துக்கு வைத்தால் எடுப்பாக இருக்கும்.

9.28 – அம்மா: கழுத்துக்கு வைத்தால் என்னால் தைக்க முடியாது.

9.31 – அப்பா: மொத்தம் எவ்வளவு ஆகும் என்று யாராவது ஒரே எண்ணாகச் சொல்வீர்களா?

9.58 – கவின்: அக்கா தயிர்ச்சோறு முழுவதும் சாப்பிட்டாள். பத்து மணிக்கு முன்பே படுத்துவிட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்திருக்கிறாள். அதை யாரிடம் கொடுப்பது?

10.04 – செல்வி அத்தை: என்னிடம் கொடு. அதோடு அளவுச் சுடிதாரையும் நாளைக் காலை என் வீட்டில் கொண்டுவந்து வை. வெளுத்தது பரவாயில்லை, தளர்ந்தது வேண்டாம். கீழாடைக்கு இடுப்பளவு முப்பதா, முப்பத்திரண்டா?

10.05 – கவின்: அவள் தூங்குகிறாள், அத்தை.