ஏற்காடு ரிசார்ட் குக்குக்கு மாலத்தீவு வேலை: விசிட்ல போய் அங்க பர்மிட் வாங்கலாமா?

ஏற்காடு_மிளகு:
தம்பிக்கு 24 வயசு. எட்டாவது வரை படிப்பு, இசிஆர் பாஸ்போர்ட் (சில நாட்டுக்கு வேலைக்குப் போக நம்ம அரசோட குடியேற்ற அனுமதி வேணும்ங்கிற வகை). இங்க ஒரு ரிசார்ட்ல தந்தூர் பார்க்கிறான். சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஏஜென்ட் மாலத்தீவு ரிசார்ட்ல குக் வேலை, மாசம் 450 டாலர், சாப்பாடு ரூம் ஃப்ரீனு சொல்லி 1,20,000 ரூபாய் கேட்கிறார். இந்தியருக்கு அங்க இறங்கினதும் விசா, பர்மிட்டை போனபிறகு மாத்திக்கலாம், ஒப்பந்தமும் அங்கதான்னு சொல்றார். சரியாங்க?

கடலோரக்_கணக்கு:
அனுப்பாதீங்க. இறங்கினதும் கிடைக்கிற 90 நாள் டூரிஸ்ட்டுக்கு. அதை வச்சு அடுப்பு முன்னாடி நின்னா சட்டவிரோத வேலை. பிடிபட்டா திருப்பி அனுப்புறது தம்பியைத்தான், ஏஜென்டை இல்ல.

முதலாளி தன் கோட்டாவில் (வெளிநாட்டு ஆள் எடுக்க அவருக்கு அனுமதிச்ச எண்ணிக்கை) இடம் வச்சு, தம்பி பேர்ல வேலை அனுமதி வாங்கணும். அந்தப் பேப்பர் கைக்கு வந்த பிறகுதான் ஃபிளைட். வந்ததும் நாலு இடத்தை எழுத்தெழுத்தா பாருங்க: பாஸ்போர்ட் நம்பர், முதலாளி பேர், வேலையின் பேர், எந்தத் தீவு. வேற முதலாளிகிட்ட வேலை செஞ்சா அந்த அனுமதி செல்லாது.

அங்க இறங்கினதும் குறிச்ச கெடுவுக்குள்ள மெடிக்கல். அதுக்கு அப்புறம்தான் வேலை விசா. மெடிக்கல்ல தவறினா திரும்ப வரணும். அதனால மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை ரெண்டையும் சேலத்திலேயே முன்கூட்டி எடுத்துடுங்க.

சாமி சிலை எதையும் பெட்டியில வைக்க வேணாம். வழிபாட்டுச் சிலைக்கு அங்க கஸ்டம்ஸ்ல தடை.

பொட்டனேரி_ராசு:
பணத்தைப் பத்தி. பதிவான ஏஜென்ட் வாங்கலாம்னு இந்தியச் சட்டம் விட்ட உச்சவரம்பு 30,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அவரோட ஆர்சி நம்பரை (ஏஜென்ட் பதிவுச் சான்று எண்) கேட்டு, இந்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல தேடுங்க. நம்பர் தர மறுத்தா பேச்சை அங்கேயே முடிச்சுக்கங்க.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். இசிஆர் பாஸ்போர்ட்டுக்கு குடியேற்ற அனுமதி கேட்கிற 18 நாட்டுப் பட்டியல்ல மாலத்தீவு இல்ல. வசதின்னு தோணும். ஆனா பஹ்ரைனுக்குப் போறவனோட ஒப்பந்தத்தை அரசு ஒரு தடவை பார்க்கும், மாலத்தீவுக்குப் போறவனோடதை யாரும் பார்க்க மாட்டாங்க. அந்த வேலையை நீங்கதான் செய்யணும்.

சென்னையில தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு. அங்கேயும் பதிஞ்சு வைங்க.

ஏற்காடு_மிளகு:
ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிட்டேன். வேலை 'கிச்சன் யூட்டிலிட்டி'. பேசிக் 200 டாலர், 'அல்லது அதற்கு ஈடான ருஃபியா' (மாலத்தீவுப் பணம்). மீதி சர்வீஸ் சார்ஜாம். புரோபேஷன் (சோதனைக் காலம்) 6 மாசம்.

கடலோரக்_கணக்கு:
மூணு கோளாறு இருக்கு.

யூட்டிலிட்டின்னா பாத்திரம் கழுவுறது, காய் நறுக்குறது. பர்மிட்டும் அந்தப் பேர்லதான் வரும். தந்தூர் குக்னு மாத்தித் தரச் சொல்லுங்க.

புரோபேஷன் 3 மாசத்தைத் தாண்டக் கூடாது. மாலத்தீவோட 2008 வேலைவாய்ப்புச் சட்டம் சொல்றது. அந்தக் காலத்துல நோட்டீஸ் இல்லாம நிறுத்தலாம், அதான் 6 மாசம் ஆபத்து.

ருஃபியா வார்த்தையை எடுக்கச் சொல்லுங்க. அரசு விகிதம் டாலருக்கு அதிகபட்சம் 15.42. வீட்டுக்கு அனுப்ப வெளியில டாலர் வாங்கப் போனா அதைவிடக் கூடுதலாக் கேட்பாங்க. வித்தியாசம் முழுக்க தம்பி பாக்கெட்ல இருந்து போகும்.

பொட்டனேரி_ராசு:
சர்வீஸ் சார்ஜ் ஏமாத்து வேலை இல்ல. ரிசார்ட் விருந்தினர் பில்லுல குறைஞ்சது 10% வசூலிக்கணும். நிர்வாகம் 1% எடுத்துக்கிட்டு மீதியை எல்லாருக்கும் சமமாப் பிரிக்கணும். சமையல்காரனுக்கும் மேனேஜருக்கும் ஒரே பங்கு. ஆனா தென்மேற்குப் பருவ மாசங்கள்ல ரூம் காலியானா தொகையும் இறங்கும். அதனால கடன் தவணையைப் பேசிக்கை மட்டும் வச்சுப் போடுங்க.

நேரம் நாளைக்கு 8 மணி, வாரம் 48. மேல செஞ்சா சாதாரண நாள்ல 1.25 மடங்கு, வெள்ளி, அரசு விடுமுறைன்னா 1.5 மடங்கு. ஒரு வருஷம் முடிஞ்சா 30 நாள் லீவு. சமையலறையில நேரத்தை அவங்க எழுதுறதை நம்பாம, தம்பியும் தினம் ஒரு நோட்டுல வந்த நேரம், போன நேரம் குறிக்கட்டும். காரணமில்லாம நீக்கினா தலைநகர் மாலேயில இருக்கிற வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துல 3 மாசத்துக்குள்ள மனு போடணும். அப்போ அந்த நோட்டும் சம்பளச் சீட்டும் கையில இருக்கணும்.

ஏற்காடு_மிளகு:
ஆர்சி நம்பர் கேட்டேன், 'அப்புறம் தர்றேன்'னார். அட்வான்ஸ் கொடுக்கலை. திங்கக்கிழமை சென்னையில பதியப் போறோம்.