உடைந்த வெப்பமானியின் இரசம் முகத்துவாரத்தில் என்ன ஆகும்?

கேள்வி: வனிதா, டிக்கோயா

வணக்கம். சென்ற வாரம் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் வெப்பமானி ஒன்று உடைந்து, அதிலிருந்த இரசம் கழுவுதொட்டிக்குள் உருண்டு போய்விட்டது. உயர்தர மாணவி ஒருத்தி, "டீச்சர், இது காசல்றீ நீர்த்தேக்கத்துக்குப் போய், களனி ஆற்றோடு கொழும்பு முகத்துவாரத்தில் கடலுக்குள் இறங்கிவிடுமா?" என்று கேட்டாள். இரச அயன் குளோரைட்டோடு சேர்ந்து கரையக்கூடிய சிக்கல் அயன்களைத் தரும் என்றுதான் நான் கற்பித்து வருகிறேன்; அவ்வாறாயின் உப்பு நீரைத் தொட்டதும் அது கரைந்து கடலோடு போய்விட வேண்டும். ஆனால் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் பொங்குமுகங்களின் சேற்றிலேயே இரசம் தங்குகிறது என்று வாசித்தேன். எது சரி?

பதில்: குணா, பேராதனை

டீச்சர், முதலில் அந்தத் துளியைப் பார்ப்போம். நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியான அது, பெரும்பாலும் தொட்டிக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயைத் தாண்டியிராது. யன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து அந்த வளைவைக் கழற்றினால் வெள்ளி மணிகளாகக் கிடக்கும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் எடுத்து வையுங்கள்.

ஆறு சுமந்து செல்வது பெரும்பாலும் இந்த உலோகத் துளியை அன்று. மழையோடு இறங்கி மண்ணில் ஒட்டிய இரச அயனையே. உங்கள் குளோரைட்டுக் கணக்கில் பிழையில்லை, ஆனால் சோதனைக் குழாயில் உக்கல் இல்லை. உக்கிய இலைதழைகளிலிருந்து வரும் சேதனப் பொருளிலுள்ள கந்தகக் கூட்டங்கள், குளோரைட்டைவிடப் பன்மடங்கு இறுக்கமாக இரசத்தைப் பற்றிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் செந்நிறமாக ஓடிவரும் ஆற்று நீர் உப்பு நீரைச் சந்திக்கும்போது, ஒன்றையொன்று விலக்கி மிதந்துகொண்டிருந்த நுண்துணிக்கைகளின் மின்னேற்றம் தணிந்து, கலங்கல் நீரில் படிகாரம் போட்டதுபோல அவை திரண்டு அடியில் படிகின்றன. பற்றியிருந்த இரசத்தில் பெரும் பகுதியும் கூடவே இறங்கிவிடும். சிறு பங்கைக் குளோரைட்டு பிரித்தெடுத்து நீரில் விடுவதும் உண்டு. இன்னொரு சிறு பங்கு வெயிலில் மீண்டும் உலோக இரசமாக ஒடுக்கமடைந்து ஆவியாகக் காற்றுக்குத் திரும்பும்.

வனிதா:

நன்றி சேர். அப்படியானால் சேற்றில் புதைந்ததோடு கதை முடிந்துவிடுகிறதா?

பதில்: சிவா, ஹட்டன்

இல்லை, அங்கேதான் தொடங்குகிறது. கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு; ஆற்று நீரில் பொதுவாக அதில் நூறில் ஒரு பங்குகூட இராது. ஒட்சிசன் அற்ற சேற்றில் அந்தச் சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கும் பற்றீரியாக்களிற் சில, இரசத்தை, மீன்களின் உடலில் சேரும் நச்சு வடிவமான மெதைல் இரசமாக மாற்றிவிடுகின்றன. அதற்குப் பொறுப்பான இரண்டு மரபணுக்கள் 2013 இல்தான் கண்டறியப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், அதே பற்றீரியாக்கள் வெளிவிடும் சல்பைட்டு மிகுந்துவிட்டால் இரசம் அதனோடு இறுகி, மெதைலாவது குறைந்துவிடுகிறது. ஆகவே உப்பின் அளவை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. சேற்றின் நிலைமையே தீர்மானிக்கிறது.

யப்பானின் மினமாட்டாவில் மீன் உண்டோர் இரச நஞ்சுக்கு ஆளானதை இதனோடு குழப்பிக்கொள்வோர் பலர். 1956 இல் தெரியவந்த அந்த அவலத்தில் தொழிற்சாலைக் கழிவிலேயே மெதைல் இரசம் இருந்தது. பொங்குமுகச் சேற்றில் நடப்பது மிக மெதுவான வேலை.

வனிதா:

வீட்டில் அம்மா கருவாட்டை நிறுத்த வேண்டுமா என்று கேட்கிறார்!

சிவா:

நெத்தலிக் கருவாடு என்றால் பயமே வேண்டாம் டீச்சர். சில மாதங்களே வாழும் சிறு மீனில் இரசம் சேர நேரமில்லை. பெரிய மீன்களைத் தின்று பல வருடங்கள் வாழும் சுறாவில்தான் அது திரளும். உலர்த்தும்போது நீர் மட்டும் போவதால், எடைக்கு எடை பார்த்தால் சுறாக் கருவாட்டில் அளவு இன்னும் கூடும். மெதைல் இரசம் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால், வெந்நீரில் ஊறவைத்தால் உப்புத்தான் போகுமே தவிர அது போகாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. அம்மாவின் நெத்தலிக் குழம்பில் கைவைக்க வேண்டாம்.

குணா:

அந்த வளைகுழாயைக் கழற்றும்போது கீழே ஒரு வாளியை வைக்க மறக்காதீர்கள், டீச்சர்.