டைம்ஷேர் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் ராமேசுவரம் பக்கம் மண்டபம் ஊர், சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஏழு நாள், 25 வருடம் ரிசார்ட்டில் தங்கலாம் என்று ஒரு டைம்ஷேர் திட்டம் சொன்னார்கள். அன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் சலுகையாம். கட்டவில்லை, படிவத்தை மட்டும் வாங்கி வந்தோம்.

அதில் பொடி எழுத்தில், தங்காவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அது அவ்வப்போது உயரும் என்று இருக்கிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. வீட்டுக்காரருக்குக் கொடைக்கானல் ஆசை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்களால் கிளம்ப முடியும். அங்கேயும் அப்போதுதான் சீசன், இங்கே வருமானமும் இருக்காது.

மே மாதத்தில் உண்மையிலேயே அறை கிடைக்கிறதா? பழைய உறுப்பினரிடம் கைமாற்றி வாங்கினால் குறையுமா? கையெழுத்துப் போட்டபின் வேண்டாமென்றால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? வாங்கியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவார்கள்.