முன்பல் போன பையனும் கம்கார்டு மனுவும்

சாட்ஸ்வொர்த் அம்மா:
போன சனிக்கிழமை பள்ளி ஹாக்கி ஆட்டத்தில் மட்டை பட்டு, என் 11 வயது மகனின் முன்பல் வேரோடு வந்துவிட்டது. பயிற்சியாளர் அதை டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தார். மருத்துவரிடம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. பல்லைத் திரும்ப வைத்துக் கட்டியிருக்கிறார்கள், நிலைக்குமா என்று தெரியாதாம். பக்கத்துப் பல்லில் சொத்தை. லேசரில் செய்யலாம் என்கிறார்கள், ஆனால் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) அதற்குத் தராது. அது இருக்கட்டும், விளையாடும்போது பல்லைக் காக்க வாய்க்குள் போடும் உறையான கம்கார்டைக் கட்டாயமாக்கச் சொல்லி பள்ளிக்கு மனு எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவீர்களா?

ஃபீனிக்ஸ்காரன்:
பையனை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனால் கட்டாயம் என்றால் நான் போடமாட்டேன். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளைத்தான் முதலில் வெளியே உட்கார வைப்பார்கள். என் மகள் அதைப் போட்டால் பேச முடியவில்லை என்று பாதி ஆட்டத்தில் கழற்றிவிடுகிறாள். அந்தப் பணத்தை லேசருக்குப் போடுங்கள், ஊசி, டிரில் பயம் இல்லாமல் முடியும்.

பல் கிளினிக் உதவியாளர்:
லேசரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சொத்தைக்குப் பயன்படும் எர்பியம் என்ற வகை லேசரைப் பல்லில் உள்ள நீர் உறிஞ்சி ஆவியாகும்போது சொத்தை பெயர்ந்து வரும். டிரில் அதிர்வு இல்லை. 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 9 ஆய்வுகளை, 662 பேரை, சேர்த்துப் பார்த்தது. மரத்துப்போகும் ஊசி தேவைப்படுவது குறையலாம், ஆனால் ஆதாரம் பலவீனம் என்றது. பயந்த பிள்ளைக்கு உதவும். விழுந்த பல்லை அது காப்பாற்றாது. விழுந்தது பால்பல்லுக்குப் பின் முளைத்த நிலைத்த பல் என்றால், வேரைத் தொடாமல் வெளியே தெரியும் பாகத்தில் பிடித்து, அழுக்கு இருந்தால் லேசாகக் கழுவி, அங்கேயே குழியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பாலில் போடுங்கள், டிஷ்யூ வேண்டவே வேண்டாம். காயவிட்டால் வேரின் மேல் உள்ள உயிரணுக்கள் செத்துவிடும். பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக்கூடாது.

ஃபீனிக்ஸ்காரன்:
இது எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் கம்கார்டு உண்மையில் தடுக்கிறதா?

பல் கிளினிக் உதவியாளர்:
பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007இல் வந்த தொகுப்பாய்வில், அணியாதவர்களுக்கு வாய், முகக் காயம் 1.6 முதல் 1.9 மடங்கு அதிகம். நியூசிலாந்து ரக்பியில் கட்டாயமாக்கிய காலத்தில், 1995க்கும் 2003க்கும் இடையில் பல் காய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன.

ஃபீனிக்ஸ்காரன்:
முன்னும் பின்னும் ஒப்பிட்டால் வேறு காரணமும் இருக்கலாமே?

பல் கிளினிக் உதவியாளர்:
இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வெந்நீரில் வைத்துக் கடித்துப் பதித்துக்கொள்ளும் வகை மலிவு. உங்கள் மகளுடையது சரியாகப் பதியவில்லை என்று நினைக்கிறேன், திரும்பப் பதித்துப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
சரி தம்பி, மனுவை மாற்றுகிறேன். முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளியே வாங்கித் தர வேண்டும், அப்புறம்தான் கட்டாயம். முதலுதவிப் பெட்டியில் நீண்ட நாள் கெடாத பால் பாக்கெட் ஒன்றும் வேண்டும். அன்றைக்கு எதிரிலேயே டீரூம் (சின்ன மளிகைக் கடை) இருந்தது. பால் வாங்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபீனிக்ஸ்காரன்:
அப்படி எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாளைக் கொடுங்கள்.