பொருள்: எக்ஸ்ஃபோலியேட்டிங் ஆசிட் – 'தோலுரிப்பு' வேண்டாம், 'மேலுதிர்ப்பு' எப்படி?

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தோலின் மேலுள்ள இறந்த செல்களை நீக்கப் பூசும் எக்ஸ்ஃபோலியேட்டிங் ஆசிட் என்பதற்குத் தமிழில் 'தோலுரிப்பு அமிலம்' என்று நண்பர் ஒருவர் முன்வைத்த சொல்லை மூவர் வழிமொழிந்திருக்கிறீர்கள். சொல் கேட்டவுடன் விளங்குகிறது என்பது உண்மைதான். ஆனாலும் நாகர்கோவிலில் மருந்துக்கடை நடத்துபவன் என்ற முறையில் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உதட்டைக்கூட வெடிக்கவைக்கும் நாட்களில், தோவாளையில் பூக்கட்டும் அக்கா ஒருவர் 10 விழுக்காடு கிளைகாலிக் அமிலம் கொண்ட சிறு புட்டியோடு கடைக்கு வந்தார். வாயோரத்திலும் கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் எழும்பி, அதன் அடியில் தோல் சிவந்து மினுங்கியது. "தொலி உரியுது தம்பி, மருந்து பிடிக்குன்னு நெனச்சி ராத்திரி தோறும் போட்டேன்; இப்போ பச்சத்தண்ணி பட்டாலே எரியுது" என்றார். உரிவதுதான் அந்த மருந்தின் வேலை என்று அவர் நம்பியிருந்தார். நாம் ஆக்கப்போகும் சொல்லும் அதையே சொல்லுமானால், அந்த நம்பிக்கைக்கு நாமே முத்திரை குத்தியவர்கள் ஆவோம்.

இவ்வமிலங்கள் தோலை உரிப்பதில்லை. மேல்தோலின் புற அடுக்கிலுள்ள இறந்த செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டைத் தளர்த்துகின்றன. தளர்ந்தவை கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடுகின்றன. பழுத்த தென்னமட்டை தானே கழன்று விழுவதற்கும், பச்சை மட்டையைப் பிடித்து இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் ஊரில் சிறுவருக்கும் தெரியும். வறண்ட தோலில் அந்தப் புற அடுக்கின் கொழுப்புப் பூச்சு முன்பே குறைந்திருப்பதால், அதே அமிலம் கூடுதலாக உள்ளிறங்கிக் கூடுதலாக எரிக்கிறது. அப்போது எழும் செதிலை அழுக்கு என்று எண்ணி மேலும் அமிலம் பூசுவதுதான் நான் கடையில் திரும்பத் திரும்பக் காணும் தவறு.

'உரிப்பு' என்ற சொல் நமக்கு வேறொரு இடத்திலும் தேவைப்படுகிறது. தோல் மருத்துவர் தம் மேற்பார்வையில் செறிவு மிகுந்த அமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் பூசிச் செய்யும் சிகிச்சையில் தோல் உண்மையாகவே உரிகிறது. அதற்கு 'அமில உரிப்பு' என்பதை ஒதுக்கிவைத்தால், வீட்டில் பூசுவதும் மருத்துவமனையில் செய்வதும் சொல்லளவிலேயே பிரிந்து நிற்கும்.

குளச்சலிலிருந்து எழுதிய அக்கா, நெல் தொலிப்பதை நினைவூட்டித் 'தொலிப்பமிலம்' என்றார். தோலைத் தொலி என்பது நம் வாய்ச்சொல் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் உலக்கையின் குத்து அதில் ஒலிக்கிறது. 'செதிலுதிர்ப்பு' என்றாலோ, செதில் எழும்பிய வறண்ட தோலுக்கு ஏற்ற மருந்து என்று பொருள்பட்டு நேர்மாறான கேடு வரும். வெறும் 'உதிர்ப்பு' என்றால் முடியுதிர்வுதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும்.

ஆகவே 'மேலுதிர்ப்பு அமிலம்' என்று முன்மொழிகிறேன். மேலடுக்கு மட்டுமே உதிர்கிறது என்ற பொருளும், 'மேல் கழுவுதல்' என்று நாம் சொல்லும்போது மேல் என்பது உடம்பைக் குறிக்கும் வழக்கும் இச்சொல்லில் ஒருசேர அமைகின்றன. ஆல்பா ஹைட்ராக்சி வகையைச் சேர்ந்த கிளைகாலிக், லாக்டிக், மாண்டலிக் அமிலங்களோடு, கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரில் உள்ள சாலிசிலிக் அமிலத்தையும் இதன்கீழ் அடக்கலாம்.

'அமிலம்' என்பதே மக்களை அச்சுறுத்தும் என்ற கருத்துக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் ஆசிட் என்றால் ரப்பர்பாலை உறையவைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலம்தான். அது தெறித்துப் புண்ணான கைகளை நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அச்சொல்லை நீக்க வேண்டாம். அந்த அச்சத்தில் ஒரு பங்கு இங்கே நன்மை செய்யும்.

பதிவுக்கான விளக்கத்தை இவ்வாறு வரைந்திருக்கிறேன்:

மேலுதிர்ப்பு அமிலம்: மேல்தோலின் இறந்த செல்களின் பிணைப்பைத் தளர்த்தி உதிரச் செய்யும் மென்செறிவு அமிலம். வீட்டுப் பயன்பாட்டுக்கான ஆல்பா ஹைட்ராக்சி அமிலம் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, பூச்சின் பி.எச். மதிப்பு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவு) 3.5க்குக் கீழே இறங்கக்கூடாது. வறண்ட தோலினர், ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்புள்ள லாக்டிக் அமிலத்தை 5 விழுக்காட்டளவில், முன்கையின் உட்புறத்தில் பூசிப் பார்த்த பின், வாரம் ஓரிரவு எனத் தொடங்கி, அதன்மேல் ஈரப்பதக் களிம்பைத் தடவுதல் வேண்டும். வெடிப்பிலும் புண்ணிலும் பூசக்கூடாது. வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் பூசும் இரவில் இதனைத் தவிர்க்க வேண்டும். எரிச்சல் நீடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

வெயில் பற்றிய வரியையும் இதில் சேர்க்க வேண்டும். இவ்வமிலங்கள் தோலை வெயிலுக்கு எளிதில் கன்றச் செய்வதால், பயன்படுத்தும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு வாரமும் வெயில்காப்புப் பூச்சு தேவை என்ற எச்சரிக்கையை ஆல்பா ஹைட்ராக்சி பூச்சுகளின் உறைகளில் அச்சிடுமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் பரிந்துரைத்தது. கடற்கரையிலும் பூந்தோட்டத்திலும் பகலெல்லாம் நிற்கும் நம் மக்களுக்கு அந்த வரி இல்லாத விளக்கம் அரைகுறையே.

'மென்செறிவு' என்ற சொல்லில் மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. 'குறைசெறிவு' என்றால் தரம் குறைந்தது என்று தோன்றிவிடுமோ என்ற தயக்கத்தால்தான் இப்படி எழுதினேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.