ஈரானில் எத்தனை ‘பாதுகாவலர்’? மூன்று சொற்களுக்குத் தமிழ் தேடி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஈரான் அறிமுகக் கட்டுரைக்குச் சொல் கேட்டு நான் போட்ட மடலுக்கு நான்கு நாளில் பதினேழு பதில்கள். அவற்றில் ஆறு, ‘உச்ச தலைவர்’ என்பதில் ஒற்று மிகுமா மிகாதா என்பது பற்றி. மிகும். அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

என் சிக்கல் வேறு. முதல் வரைவை அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்தபோது நான்காம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது. நானே எழுதியதுதான்:

“பாதுகாவலர் ஆட்சி என்ற கோட்பாட்டின்படி இயங்கும் ஈரானில், வேட்பாளர்களைப் பாதுகாவலர் குழு வடிகட்டுகிறது, நாட்டைப் புரட்சிப் பாதுகாவலர் படை காக்கிறது.”

என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “யாருப்பா இந்தப் பாதுகாவலர், எல்லா வேலையும் இவரே பார்க்கிறார்?” என்றாள். அதற்கப்புறம்தான் பாரசீக மூலத்தைப் பார்த்தேன். அங்கே மூன்றும் மூன்று வேறு சொற்கள்: வெலாயத், நெகஹ்பான், பாஸ்தார். ஆங்கிலக்காரர் மூன்றுக்கும் ஒரே வேரிலிருந்து கார்டியன்ஷிப், கார்டியன், கார்டு என்று போட்டுவிட்டார்கள். நாம் அவர்கள் வாசல் வழியாக உள்ளே போனதால் மூன்றையும் ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> வெலாயத் என்றால் ஆட்சிதானே? ‘அறிஞர் ஆட்சி’ என்று போட்டு முடித்துவிடலாம்.

இல்லை ஐயா. ஆட்சி என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. ஆப்கானிஸ்தானில் மாகாணத்துக்கே வெலாயத் என்றுதான் பெயர். ஆனால் நான் ‘பாதுகாவலர் ஆட்சி’ என்று எழுதியதன் மூலமான ‘வெலாயத்-எ ஃபகீஹ்’ என்ற தொடரில் அது வேறு இடத்திலிருந்து வருகிறது. காயல்பட்டினத்து அக்கா இந்த இழையில் ஒரே வரியில் எழுதியிருந்தார்: “நிக்காஹ்வில் மணப்பெண்ணுக்கு வலீ என்று ஒருவர் இருப்பாரே, அந்த வலீதான் இது.” எனக்குப் பளிச்சென்று விளங்கியது. எங்கள் எதிர்வீட்டுத் திருமணத்தில் பள்ளிவாசல் பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன். மணமகன் கையெழுத்து, சாட்சிகள் இருவர், நடுவில் ‘வலீ’ என்று ஒரு கட்டம். பெண்ணின் தகப்பனார் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கையெழுத்திட்டார். ஒருவருக்காக, அவர் சார்பில், பொறுப்பேற்று நிற்பவர். அந்தப் பொறுப்புத்தான் வெலாயத்.

ஷியா சட்ட அறிஞர்கள் வெகுகாலமாகவே, காப்பாளர் இல்லாத அநாதைகளுக்கும் கேட்பாரற்ற அறக்கொடைச் சொத்துக்கும் சட்டம் கற்ற அறிஞர் பொறுப்பேற்கலாம் என்று சொல்லிவந்தார்கள். 1970இல் ஈராக்கின் நஜஃப் நகரில் நாடு கடத்தப்பட்டு இருந்தபோது, பின்னாளில் ஈரான் புரட்சிக்குத் தலைமையேற்ற கொமேனி நிகழ்த்திய சொற்பொழிவுகள் இதைத்தான் நாடு முழுமைக்கும் நீட்டின. பொறுப்பு என்ற அளவில், சிறுவர்களுக்குக் காப்பாளராக இருப்பதற்கும் ஒரு தேசத்துக்குக் காப்பாளராக இருப்பதற்கும் வேறுபாடு இல்லை என்பது அவர் வாதம். ஒத்துக்கொள்கிறோமா என்பது வேறு. ஆனால் மொழிபெயர்ப்பவர் அந்த உவமையைத் தொலைக்கக் கூடாது. ‘ஆட்சி’ என்று போட்டால் அது தொலைந்துபோகும். பத்து வயதுப் பையனின் சொத்து வழக்கில் நம் நீதிமன்றங்களில் என்ன சொல்கிறோம்? காப்பாளர். அதிலிருந்து ‘காப்பாண்மை’. வேளாண்மை, மேலாண்மை மாதிரி வாயில் ஒட்டுகிறது.

ஃபகீஹ் என்பவரை வெறும் ‘அறிஞர்’ என்றால் போதாது, ‘மதகுரு’ என்றால் தவறு. ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டத்தைக் கற்றவர். ‘மார்க்கம்’ தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் புழங்கும் சொல், நாம் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஆக, ‘மார்க்கச் சட்ட அறிஞரின் காப்பாண்மை’. நீளம்தான். முதல் முறை முழுதாகவும், அப்புறம் ‘அறிஞர் காப்பாண்மை’ என்றும் எழுதலாம்.

இது 1979 டிசம்பரில் பொது வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அரசமைப்பின் 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குடியரசு அந்த ஆண்டு ஏப்ரல் 1இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. இந்தக் காப்பாண்மையை ஏற்ற முதல் உச்சத் தலைவர் கொமேனி. 1989இல் அவர் இறந்தபோது குடியரசுத் தலைவராக இருந்த அலி காமெனி அடுத்த உச்சத் தலைவரானார். அந்த ஆண்டுத் திருத்தத்தில், தலைவர் ‘மர்ஜா’ என்னும் உச்ச நிலை அறிஞராக இருக்க வேண்டும் என்ற விதி நீங்கியது. பிரதமர் பதவியும் ஒழிந்தது. மூலத்தில் இந்தத் தலைவருக்கு ‘ரஹ்பர்’ என்றுதான் பெயர். ‘ரஹ்’ என்றால் வழி, வழிநடத்துபவர். நம் நாளிதழ்களில் ‘உச்சத் தலைவர்’ வேரூன்றிவிட்டது, அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அடுத்தது நெகஹ்பான், அதாவது நான் ‘பாதுகாவலர் குழு’ என்று எழுதியது. இந்த இழையின் உண்மையான சண்டை இதில்தான்.

> ‘காப்பு + அவை = காப்பவை’ எப்படி இருக்கும்? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் ‘காப்பவை’ என்று படிக்கிறவர் ‘எவை காப்பவை?’ என்று கேட்பார். பன்மை வினையாலணையும் பெயர் குறுக்கே வந்து நிற்கும்.

நெகாஹ் என்றால் பார்வை. பான் என்பது காப்பவரைக் குறிக்கும் விகுதி. ஆக, பார்த்துக்கொண்டே இருப்பவர். இதில் சிறுவர் சொத்துமில்லை, பொறுப்பேற்பதுமில்லை, கண்தான் இருக்கிறது. அந்த அவை என்ன பார்க்கிறது? மஜ்லிஸ் என்னும் நாடாளுமன்றம் நிறைவேற்றும் ஒவ்வொரு சட்டமும் பத்து நாளுக்குள் அங்கே பார்க்கப்பட வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் பத்து நாள். உறுப்பினர் 12 பேர். ஆறு பேர் ஃபகீஹ்கள், உச்சத் தலைவரே நியமிப்பவர்கள். ஆறு பேர் சட்ட வல்லுநர்கள், நீதித்துறைத் தலைவர் முன்மொழிந்து மஜ்லிஸ் தேர்ந்தெடுப்பவர்கள். சட்டம் மார்க்கத்துக்கு ஒத்ததா என்பதில் ஃபகீஹ்கள் ஆறு பேருக்கு மட்டுமே வாக்கு. அரசமைப்புக்கு ஒத்ததா என்பதில் பன்னிரண்டு பேருக்கும். அந்த நீதித்துறைத் தலைவரையும் உச்சத் தலைவர்தான் நியமிக்கிறார் என்பதைக் கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் தள்ளாமல் நேராகவே எழுதப்போகிறேன்.

இந்த யோசனை 1979இல் வானத்திலிருந்து விழுந்ததுமில்லை. 1906 அரசமைப்புப் புரட்சிக்குப் பின் 1907இல் வந்த துணைச் சட்டத்தின் 2ஆம் பிரிவே, குறைந்தது ஐந்து முஜ்தஹிதுகள் (மார்க்கச் சட்டத்தில் தாமே ஆராய்ந்து முடிவு சொல்லத் தகுதி பெற்றவர்கள்) சட்டங்களைப் பார்த்து, மார்க்கத்துக்கு மாறானதைத் தள்ள வேண்டும் என்றது. அது பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்தது.

இப்போதைய அவையை உலகம் அறிவது சட்டங்களால் அல்ல, வேட்பாளர் பட்டியலால். 99ஆம் பிரிவு தேர்தலை ‘மேற்பார்வை’ செய்ய அதற்கு அதிகாரம் தருகிறது. அது ஒப்புதல் வழங்கும் மேற்பார்வை என்று அந்த அவையே 1991இல் விளக்கம் தந்துகொண்டது. 2021 குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 592 பேர்; தேறியவர்கள் 7 பேர். 2024இல் 80 பேரில் 6 பேர். 2013இல், இருமுறை குடியரசுத் தலைவராக இருந்த ரஃப்சஞ்சானிக்கே இடமில்லை என்றாகிவிட்டது.

> ‘தணிக்கை மன்றம்’ என்பதுதான் பொருத்தம். உள்ளதைச் சொல்வோம்.

தோழர், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அது நம் தீர்ப்பு, அவர்கள் பெயர் அல்ல. கலைச்சொல்லில் நாம் தீர்ப்பு எழுதினால் கட்டுரையில் எழுத ஒன்றும் மிஞ்சாது. தவிர, தணிக்கை என்றாலே வரவுசெலவுக் கணக்கும் சினிமாவும்தான் நினைவுக்கு வரும்.

நான் முன்வைப்பது ‘கண்காணிப்பு மன்றம்’. நெகாஹ் என்பதில் இருக்கும் கண் இதிலும் இருக்கிறது. இதற்கு வந்த மறுப்பு இரண்டு. ஒன்று, நம் ஊரில் ரேஷன் கடைக்கும் வெள்ளத்துக்கும்கூடக் கண்காணிப்புக் குழு உண்டு, பல்லில்லாத குழுக்கள், இதுவும் அப்படி ஒன்று என்று வாசகர் நினைப்பார் என்பது. அதனால்தான் ‘குழு’ வேண்டாம், ‘மன்றம்’ என்கிறேன். அரசமைப்புக்குப் பொருள் சொல்லும் அதிகாரமும் இதற்கு உண்டு, உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் ஒத்துக்கொண்டால் போதும். நீதிமன்றத்தின் சாயல் இருக்கிறது. (ரசிகர் மன்றம் நினைவுக்கு வருகிறது என்று சிரித்தவருக்கு: எனக்கும்தான்.)

இரண்டாவது மறுப்பு இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து வந்தது:

> கண்காணி என்றதும் எங்களுக்குத் தோட்டத்துக் கங்காணிதான் முன்னால் வந்து நிற்கிறார்.

அண்ணா, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். கங்காணி என்ன செய்தார்? ஆளைப் பார்த்தார், வேலையைப் பார்த்தார், யாருக்குப் பேர் (முழு நாள் கூலி) போடுவது யாருக்கு அரைப் பேர் என்பதில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. யார் பெயர் பட்டியலில் ஏறும் என்று முடிவு செய்கிற பார்வை. உங்கள் மறுப்பே என் சொல்லுக்கு ஆதாரமாகிவிட்டது, மன்னிக்கவும்.

பாஸ்தார் எளிது. பாஸ் என்றால் காவல், குறிப்பாக இரவின் ஒரு சாமக் காவல். தார் நமக்குப் பழகிய விகுதி. தாசில்தார், ஜமீன்தார் எல்லாம் அதே பாரசீக ‘தார்’தான். ஈரானில் இன்றும் மாகாண ஆளுநருக்கு ‘ஒஸ்தான்தார்’ என்று பெயர். படையைக் குறிக்கும் ‘ஸெபாஹ்’ என்பதும் நமக்கு அந்நியமல்ல; ‘சிப்பாய்’ அதன் பிள்ளை. ஆக, ‘புரட்சிக் காவற்படை’. ஏற்கெனவே சிலர் எழுதுவதுதான், மாற்ற வேண்டாம்.

ஆனால் இங்கே என் தவறு ஒன்று வெளிப்பட்டது, அது சொல் தவறு அல்ல. ‘ஸெபாஹ்-எ பாஸ்தாரான்-எ எங்கெலாப்-எ எஸ்லாமி’ என்ற முழுப் பெயரில் ஈரான் என்ற சொல்லே இல்லை. 1979 மே மாதத்தில் உருவான அந்தப் படை காப்பது இஸ்லாமியப் புரட்சியை. நாட்டின் விடுதலையையும் எல்லையையும் காப்பது வழக்கமான ராணுவத்தின் வேலை என்று 143ஆம் பிரிவு சொல்கிறது. புரட்சியையும் அதன் பயன்களையும் காப்பது காவற்படையின் வேலை என்று 150ஆம் பிரிவு. ‘நாட்டைக் காக்கிறது’ என்று நான் எழுதியது, பாதுகாவலர் என்ற பொதுச் சொல் என்னை இழுத்துக்கொண்டு போன இடம்.

மற்றவை விரைவாக. மஜ்லிஸ் அப்படியே இருக்கட்டும். 290 இடங்கள், அதில் ஐந்து சிறுபான்மையினருக்கு: ஆர்மீனியருக்கு இரண்டு, சொராஸ்திரியர், யூதர், அசீரிய-கல்தேயர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. ‘மஜ்லிஸ்-எ கொப்ரெகான்’ வல்லுநர் அவை. 88 பேர், மக்கள் வாக்களித்து எட்டு ஆண்டுக்குத் தேர்ந்தெடுப்பவர்கள், உச்சத் தலைவரைத் தேர்வது இவர்கள். இவர்களின் வேட்பாளர்களைச் சல்லடை போடுவது கண்காணிப்பு மன்றம். அதன் ஃபகீஹ்களை நியமிப்பது உச்சத் தலைவர். கோழியும் முட்டையும் ஒரே கூடையில்.

இன்னும் கைக்கு வராமல் இருப்பது ‘மஜ்மா-எ தஷ்கீஸ்-எ மஸ்லஹத்-எ நெஸாம்’ என்ற இன்னோர் அவையின் பெயர். 1980களில் மஜ்லிஸ் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தம், தொழிலாளர் சட்டம் போன்றவற்றை மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று கண்காணிப்பு மன்றம் திருப்பித் திருப்பி அனுப்பியது. வண்டி நகரவில்லை. 1988 பிப்ரவரியில் கொமேனி மூன்றாவதாக இந்த அவையை உண்டாக்கினார்: இரண்டும் முட்டிக்கொண்டால், ஆட்சிக்கு எது நலம் என்று பார்த்து அது முடிவு செய்யும். தொழிலாளர் சட்டம் 1990இல் அதன் வழியாகத்தான் நிறைவேறியது. தஷ்கீஸ் என்பது, மருத்துவர் நோயைக் கண்டறிவதற்கும் ஈரானியர் புழங்கும் சொல். ‘நலந்தேர் மன்றம்’ என்று ஆசையாகச் செய்தேன். மனைவி, “சுகாதாரத் துறையா?” என்றாள். ‘ஆட்சிநலன் தேர் மன்றம்’ என்றால் தேர்த் திருவிழா வந்துவிடுகிறது. ‘ஆட்சிநலன் நிர்ணய மன்றம்’ சரியாக இருக்கிறது, ஆனால் நிர்ணயத்துக்குத் தனித்தமிழ் நண்பர்கள் விடமாட்டீர்கள்.

இப்போதைக்கு அந்த வாக்கியம் இப்படி நிற்கிறது:

“மார்க்கச் சட்ட அறிஞரின் காப்பாண்மை என்ற கோட்பாட்டின்படி இயங்கும் ஈரானில், வேட்பாளர்களைக் கண்காணிப்பு மன்றம் வடிகட்டுகிறது, நாட்டின் எல்லையை ராணுவமும், புரட்சியைப் புரட்சிக் காவற்படையும் காக்கின்றன.”

வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும். அதற்குள் நிர்ணயத்துக்கு யாராவது ஒரு சொல் கொடுத்தால் மாற்றிவிடுகிறேன். ‘தேர்’ மட்டும் வேண்டாம்.

அன்புடன்
ஈரான் கட்டுரைக்காரன்